வல்லையனுக்கு வைத்த தனிப்பானை

என் வீட்டு அடுக்களைப் பரணில் ஒரு பித்தளைப் பானை இருக்கிறது. விளிம்பில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு நெளிசல். பாத்திரக்காரன் தெருவில் குரல் கொடுக்கும்போதெல்லாம், தட்டிச் சரிபண்ணிவிடலாமே என்பாள் என் மருமகள். நான் விடமாட்டேன். கிழவனுக்குப் பிடிவாதம் என்று முணுமுணுத்துக்கொண்டு போவாள். பிடிவாதம்தான். அந்த நெளிசல் விழுந்தபோது நான் பக்கத்தில் நின்றேன், வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டவன் மாதிரி. அது என் மதனியின் பானை. என் அண்ணன் மனைவி அவர்.

நெற்குப்பைப் பக்கத்தில் ஒரு சிற்றூர் எங்களுடையது. ஊர்க் கண்மாய்க் கரையில் வல்லையன் என்றொரு சாமி. ஒரு காலத்தில் கள்ளனாக இருந்தவராம். பஞ்ச காலத்தில் ராசாவின் நெல் வண்டிகளை மறித்துக் கொள்ளையடித்து, பட்டினி கிடந்தவர்களுக்குப் படி படியாக அளந்து போட்டவராம். கருவேலங்காட்டுக்குள் அவர் ஒளிந்திருந்த இடம் தங்கை புருஷன் ஒருவனுக்குத்தான் தெரியும். அவன் காட்டிக்கொடுத்துவிட்டான், ராசாவின் ஆட்கள் வந்து வெட்டிப்போட்டார்கள். இதுதான் கதை. அந்தத் தங்கை புருஷனின் வழிவந்தவர்கள் நாங்கள். ஊரில் எங்களுக்குப் பேர் ‘காட்டிக்கொடுத்த வீடு’. சின்ன வயதில் கோலிக்குண்டு ஆட்டத்தில் நான் ஜெயித்தால்கூட இதைச் சொல்லித்தான் என் வாயை அடைப்பார்கள்.

ஆடி மாதம் சாமிக்குப் படையல். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பானைச் சோறு வரும். எல்லாவற்றையும் ஒரே குவியலாகக் கொட்டி, பூசை முடிந்ததும் ஊரே அதைப் பிசைந்து தின்னும். எங்கள் வீட்டுப் பானை மட்டும் குவியலில் சேராது. வடக்கே தனியாக ஒரு கல் கிடக்கும், அதன்மேல் வைக்க வேண்டும். பூசை முடிந்ததும் அப்படியே திருப்பி எடுத்துவந்து மாட்டுத் தொட்டியில் கொட்டிவிடுவார் அப்பா. தலைமுறை தலைமுறையாக அப்படித்தான், எங்களுக்கு அது பழகிப்போயிருந்தது.

மதனி கல்லலிலிருந்து வாக்கப்பட்டு வந்தவர். யாரும் அவரிடம் இதைச் சொல்லவில்லை. சொல்ல வெட்கம், வேறென்ன? முதல் ஆடியில் புதுப்பானையில் மஞ்சள் பூசி, பொங்கிய சோற்றைத் தலையில் சுமந்து, பொம்பளைகளோடு பொம்பளையாகப் போய்க் குவியலின் முன்னால் குனிந்தார். பூசாரி வேளார் கெட்டவர் இல்லை; பதறிப்போய்க் கையை நீட்டித் தடுத்தார். பானை நழுவிப் பாறையில் இடித்தது. “இந்த வீட்டுச் சோறு கலக்குறதில்ல தாயி. அங்குட்டு வையி” என்றார். மதனி நிமிர்ந்து எங்கள் முகங்களைப் பார்த்தார். அண்ணன் கண்மாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று அவர் சாப்பிடவில்லை. அடுத்து வந்த ஆறு ஆடியிலும் அந்த ஒரு நாள் அவர் பச்சைத் தண்ணீரோடு சரி. தான் பொங்கியதை மாடு தின்பதை மட்டும் தொழுவத்து வாசலில் நின்று பார்ப்பார்.

எனக்கு அப்போது காரைக்குடியில் வேலை. ரயில் வந்த புதிது. அங்கே செக்காலைப் பகுதியில் ஒரு அறையில் தங்கி, கல்வெட்டுகளைப் படியெடுக்க வந்திருந்த அதிகாரி ஒருவருக்கு உதவியாளாக இருந்தேன். ஈரத்தாளைக் கல்லில் ஒற்றி மை தட்டுவதில் தொடங்கி, பழைய எழுத்தைத் தடுமாறாமல் வாசிக்கிற அளவுக்குத் தேறியிருந்தேன். கோயில் கோயிலாகப் போய் யார் யாருக்கோ யார் யாரோ கொடுத்த விளக்குகளையும் நிலங்களையும் வாசித்தவன், சொந்த ஊர்ச் சாமியின் கல்லில் என்ன இருக்கிறதென்று எட்டிப்பார்த்ததில்லை. எண்ணெய்ப் பிசுக்கும் பட்டுத் துணியுமாக நின்ற அது எனக்குச் சாமி; கல் என்று தோன்றியதே இல்லை. மதனிக்குத்தான் தோன்றியது.

“ஊரூராப் போயி கல்லப் படிக்கிறீகளே தம்பி, நம்ம ஊருக் கல்ல ஒருநா பாக்கக் கூடாதா?” என்று கேட்டார்.

பயமாக இருந்தது. கதையில் சொல்வதே கல்லிலும் வெட்டியிருந்தால்? பிறகு சாகிறவரை தலைநிமிர முடியாதே என்றேன். மதனி விடவில்லை.

“இருந்தா இருந்துட்டுப் போகுது. தெரிஞ்சு ஒதுங்கி நிப்பேன். தெரியாம ஒதுங்கி நிக்கத்தான் முடியல.”

அம்பலக்காரர், அதாவது எங்கள் ஊர்ப் பெரிய தலை, சாமியிடம் கேட்டுச் செய் என்றார். பூக்கட்டிப் பார்த்தோம், வெள்ளைப் பூ வந்தது; சாமிக்குச் சம்மதம். வேளாரே புளியும் தேங்காய் நாரும் போட்டு நாள் முழுக்கத் தேய்த்தார். அடை அடையாகப் பிசுக்கு கழன்று விழ, வாளோங்கிய ஆள் உருவமும் அதன் காலடியில் ஒன்பது வரி எழுத்தும் வெளியே வந்தன. எழுத்தின் சாயல் பாண்டியர் காலம். தாளை ஒற்றினேன். மையை அதிகமாகத் தட்டி இரண்டு தாளைப் பாழாக்கினேன்.

வாசித்துப் பார்த்தால், வல்லையன் கொள்ளைக்காரன் இல்லை. ராசாவின் நெல் களஞ்சியத்துக்குக் காவல்காரன். பஞ்சத்தில் ஊர் செத்துக்கொண்டிருந்தபோது, தான் காக்க வேண்டிய கதவைத் தானே திறந்துவிட்டு, அதற்காக வெட்டுப்பட்டுச் செத்தவன். கல்லை நட்டது அவன் தங்கை. அவள் வாழ்க்கைப்பட்ட வீட்டார் வருஷந்தோறும் அவனுக்கென்று தனியாக ஒரு பானைச் சோறு வைத்து வரவேண்டும், சூரியனும் சந்திரனும் உள்ள மட்டும். அவ்வளவுதான்.

கதவைத் திறந்தவனைக் கள்ளன் என்று சொன்னது ராசாவாக இருக்கும். அந்தப் பட்டத்தையே ஊர் பிறகு மார்தட்டிச் சொல்லிக்கொண்டது போலும். தங்கை வீட்டுப் பானை தனியாக நிற்பதற்கு ஒரு காரணம் வேண்டியிருந்திருக்கிறது. மரியாதை என்பது மறந்துபோன பிற்பாடு, குற்றம்தான் கைக்கு எட்டிய காரணம். எங்கள் முன்னோர்களும் அதை நம்பித் தலைகுனிந்து சுமந்திருக்கிறார்கள் பாருங்கள், அதை நினைத்தால்தான் எனக்கு வயிறெரிகிறது.

அடுத்த ஆடிப் படையலன்று ஊர் முன்னால் வாசித்துக் காட்டினேன். காட்டிக்கொடுத்தது யார் என்று கல் சொல்லவில்லை, அதையும் சொல்லுங்கள் என்று மதனி முன்கூட்டியே கண்டிப்பாகச் சொல்லியிருந்தார், சொன்னேன். அம்பலக்காரர் எழுந்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மதனியிடம் போனார். இத்தனை காலம் பிசகிவிட்டது, உங்கள் கையாலேயே சோற்றைக் குவியலில் கொட்டுங்கள் என்றார். ஏழு வருஷமாக மதனி மனசுக்குள் கேட்டது அதைத்தானே!

மதனி பானையை இறக்கவில்லை. குவியலைப் பார்த்தார், வடக்கே கிடந்த கல்லைப் பார்த்தார்.

“வேணாங்கய்யா, அங்குட்டே இருக்கட்டும். கலந்துட்டா, தங்கச்சி சோறு எதுன்னு அவருக்கு எப்பிடித் தெரியும்?”

நடந்துபோய், நெளிந்த பக்கம் தெரிய அந்தக் கல்மேலேயே வைத்தார். அன்று பூசை முடிந்ததும் குவியலுக்குப் போகாமல் முதலில் அங்கே போய்க் கையேந்தியவர் வேளார். “எனக்கு ஒரு கை போடு தாயி” என்றார். பின்னாலேயே ஊர் வந்தது. பானை வழித்து முடிந்தபோது அடியில் ஒட்டியிருந்த பருக்கைகளைச் சுரண்டி மதனி வாயில் போட்டுக்கொண்டார். ஆடிப் படையலன்று அவர் சாப்பிட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மதனி போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. அவருக்குப் பிள்ளையில்லை, பானை என்னிடம் வந்தது. நான் தங்கிவிட்ட காரைக்குடியிலிருந்து ஊருக்கு இப்போது பஸ்ஸில் ஒரு மணி நேரம்தான். ஆடி பிறந்தால் மருமகள் முணுமுணுத்துக்கொண்டே புளி போட்டு விளக்கித் தருவாள். சோற்றைச் சுமந்துபோய், நெளிந்த பக்கம் தெரிய வைப்பேன். வீட்டுக்குத் திரும்புகையில் பானை எடையே இராது.