வெயில் மாதத்துப் பள்ளம்

என் ஓரகத்தியைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரும்படி எங்கள் ஏரி ஆய்வு நிலையத்தில் கேட்டிருக்கிறார்கள். பதவி உயர்வோடு பெரிய நிலையத்துக்கு மாற்றலாகிப் போகிறாளாம், அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டுமாம். அவளை நன்றாகத் தெரிந்தவள் நான்தான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். தெரியாமல் எங்கே போகும்? என் கொழுந்தனின் மனைவி. இருபது வருடமாக ஒரே வீடு, அவள் மாடியில், நான் கீழே. ஏழு வருடமாக ஒரே ஏரி. அவள்மேல் எனக்கு இருந்த வயிற்றெரிச்சலை அளக்க இந்த நிலையத்தில் கருவி எதுவும் இல்லை. எனவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். ஒட்டுவதும் ஒட்டாததும் அவர்கள் பாடு.

அவளுக்கு நிலையத்தில் ஊசிக்கண் என்று பெயர். அந்தக் கண்ணை நான் வீட்டிலேயே பார்த்துச் சலித்தவள். அவள் கல்யாணமாகி வந்த முதல் வாரத்தில் என் மாமியாரின் கம்மல் திருகாணி காணாமல் போனது. நான் இரண்டு நாள் வீட்டையே கவிழ்த்துத் தேடினேன். அவள் கூடத்தின் நடுவில் நின்று ஒருமுறை பார்த்தாள், கால்மிதியின் ஓரத்திலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அன்றையிலிருந்து வீட்டில் எது தொலைந்தாலும் மாடியைப் பார்த்துத்தான் குரல் போகும். நான் பக்கத்திலேயே நின்றாலும் என்னைக் கேட்கமாட்டார்கள்.

ஆனால் எனக்கு ஏரி இருந்தது. அதை யாரும் பங்கு கேட்க முடியாது என்றிருந்தேன்.

வேலை இதுதான். ஏரியில் ஐந்து துறைகள். வாரத்துக்கு ஒருநாள் படகில் போய், ஒவ்வொரு துறையிலும் கைவலையால் அடிமண்ணை மூன்றுமுறை அரித்து, வருவதை ஜாடியில் போட்டுக்கொண்டு திரும்ப வேண்டும். நிலையத்தில் வெள்ளைத் தட்டில் கொட்டி, இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிரித்து எண்ண வேண்டும். நத்தை, கூனி இறால், கொசுப்புழு, தும்பிக் குஞ்சு, ஒருநாள் பூச்சியின் குஞ்சு. இந்த ஒருநாள் பூச்சி பாவப்பட்ட ஜென்மம். மாதக்கணக்கில் தண்ணீருக்குள் பாசியை மேய்ந்து வளரும், இறக்கை முளைத்து வெளியே வந்தால் ஒருநாள்தான் ஆயுசு. தும்பிக் குஞ்சு அப்படியில்லை. கீழுதட்டை முகத்துக்கு அடியில் மடித்து வைத்திருக்கும். பக்கத்தில் எது நெளிந்தாலும் உதட்டை நீட்டிக் கவ்விவிடும்.

எல்லாவற்றுக்கும் காலம் உண்டு. மழை கொட்டினால் வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விடும், தட்டில் சேறுதான் மிஞ்சும். மழை ஓய்ந்து தண்ணீர் தெளிந்ததும் ஒருநாள் பூச்சிகள் பெருகும். அவற்றைத் தின்னத் தும்பிக் குஞ்சுகள் பின்னாலேயே வரும். வெயில் ஏறி ஏரி சுருங்கும்போது எல்லாம் ஒரே குட்டையில் நெருக்கியடித்துக் கிடக்கும். அந்த மூன்று மாதமும் ஒருநாள் பூச்சிகள் பாதிக்கும் கீழே குறைந்துவிடும் என்பது என் பன்னிரண்டு வருடக் கணக்கு.

அந்தக் கணக்கை வரைபடமாக்கி, சட்டம் போட்டு, நாங்கள் எண்ணும் தட்டறைச் சுவரில் மாட்டியிருந்தார்கள். கோடு ஏறும், இறங்கும், ஒவ்வொரு வெயிலிலும் ஒரு பள்ளத்தில் விழும். பன்னிரண்டு பள்ளம். பார்வையிட வருகிறவர்களிடம் ஆய்வாளர் மேடம் அதைக் காட்டி, "இதெல்லாம் இவங்க கை எடுத்த கணக்கு" என்று என் பக்கம் கையை நீட்டுவார். நான் தலையைக் குனிந்துகொள்வேன். உள்ளுக்குள் குளுகுளுவென்றிருக்கும்.

இப்படி இருந்தவள் நானே போய் வம்பை விலைக்கு வாங்கினேன். வேலை கூடிப்போய், கைக்கு உதவியாக இன்னொருவர் வேண்டும் என்று மேடம் சொன்னபோது, "எங்க வீட்லயே ஒருத்தி இருக்கா, கண்ணு நல்லா தெரியும்" என்று சொன்னது சாட்சாத் நான்தான். அங்கேயாவது அவள் எனக்குக் கீழே இருப்பாள் என்று ஒரு நப்பாசை.

அவளுக்கு இரண்டு துறை, எனக்கு மூன்று என்று பிரித்தார்கள். மழைக்காலம் முழுக்க ஒரு தகராறும் இல்லை, அவள் கணக்கும் என் கணக்கும் அக்கா தங்கைபோல் போயின. வெயில் வந்தது. என் துறைகளில் வழக்கம்போல் பள்ளம். அவள் துறைகளில் பள்ளமே இல்லை. ஒருநாள் பூச்சிகள் அப்படியே இருந்தன. ஒரு வாரம் என்னைவிட மூன்று மடங்கு எழுதினாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேண்டுமென்றே கூட்டி எழுதுகிறாள் என்று முடிவே கட்டிவிட்டேன். அதற்குக் காரணமும் இருந்தது. அந்த மாதம்தான் மேலிடத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. எங்கள் இருவரில் ஒருவருக்கு நிரந்தர வேலை, யாருக்கு என்பது மேடம் கையில். பன்னிரண்டு வருடம் சேற்றில் நின்றவள் நான். நேற்று வந்தவள் சும்மா எண்ணிக்கையைக் கூட்டி எழுதிவிட்டுக் கொத்திக்கொண்டு போவதா?

நேரே மேடத்திடம் போனேன். "ஒரே நாள், ஒரே துறை. ரெண்டு பேரும் வலை போடறோம். உங்க கண் முன்னாடி எண்ணிப் பாக்கலாம் மேடம்" என்றேன். மேடம் அவளைப் பார்த்தார். அவள், "அக்கா சொன்னா சரிதான்" என்றாள். அந்த அக்காவும் அந்த அடக்கமும்தான் எனக்கு ஆகாது.

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஜாடிப் பெட்டியின் மூடிக்குள் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும்: வலை கரையேறியதும் ஜாடியில் ஸ்பிரிட் ஊற்றவும். நான் ஊற்றுவதில்லை. சேறும் தண்ணீரும் பட்டு என் விரல் இடுக்கெல்லாம் வெடித்திருக்கும், ஸ்பிரிட் பட்டால் உயிர் போகும். போதாததற்கு, உயிரோடு இருந்தால் தட்டில் நெளியும், கண்ணுக்குச் சட்டென்று படும். எண்ணி முடித்த பிறகு ஊற்றிக்கொள்வேன். நான் எண்ணும்போது தட்டறையில் வேறு யாரும் இருக்கமாட்டார்கள் என்பதால் யாருக்கும் தெரியாது. அதை ஒரு தப்பாக நான் நினைத்ததே இல்லை. கைப்பழக்கம் என்று பெருமைகூட இருந்தது.

சோதனை நாளும் வந்தது. மூன்றாம் துறையில் இருவரும் அடுத்தடுத்து வலை போட்டோம். மற்ற துறைகளையும் முடித்துவிட்டு, வெயில் உச்சிக்கு ஏறும் நேரத்தில் நிலையம் திரும்பினோம். முதலில் அவள் ஜாடி. எல்லாம் ஸ்பிரிட்டில் செத்துக் கிடந்தன. அவள் இடுக்கியோடு குனிந்தால் நிமிரவே மாட்டாள். மேடம் பக்கத்தில் நின்று கூடவே எண்ணினார். ஒருநாள் பூச்சிக் குஞ்சு நாற்பத்தேழு. ஒன்றுகூடக் கூட்டவில்லை, நானே பார்த்தேன்.

அடுத்து என் ஜாடி. தட்டில் கொட்டினேன். நெளிந்துகொண்டு விழுந்தன. ஒருநாள் பூச்சி பதினான்குதான். தும்பிக் குஞ்சுகள் மட்டும் வயிறு புடைக்க, நகரக்கூட முடியாமல் கிடந்தன. அதில் ஒன்றின் வாயிலிருந்து பாதிப் பூச்சி தொங்கிக்கொண்டிருந்தது. ஒருநாள் பூச்சிக்கே உரிய மூன்று வால் மயிரும் எல்லோருக்கும் தெரியும்படி ஆடின.

ஏரியில் தும்பிக் குஞ்சுக்குப் பயந்து ஓட ஒருநாள் பூச்சிக்குக் கல் இருக்கிறது, வேர் இருக்கிறது. என் ஜாடியில் எங்கே ஓடும்? மழைக்காலத்தில் ஜாடிக்கு ஒன்றிரண்டு தும்பிதான் வரும், தெரியாமல் போயிற்று. வெயிலில் இருபது வரும், தண்ணீரும் சூடு, பசியும் அதிகம், நடுவில் மூன்று மணி நேரம். பன்னிரண்டு வருடமாக அந்தப் பள்ளம் ஏரியில் இல்லை. என் ஜாடியில்தான் இருந்தது.

"இதுல ஸ்பிரிட் ஊத்தலையா?" என்றார் மேடம்.

நான் வாயைத் திறப்பதற்குள் ஊசிக்கண் முந்திக்கொண்டாள். "என் தப்பு மேடம். இன்னிக்கு ஸ்பிரிட் பாட்டில் என் பெட்டியில இருந்துச்சு. அக்கா கேட்டாங்க, நான்தான் ஊத்திட்டேன்னு சொல்லிட்டேன். மறந்து போச்சு."

பச்சைப் பொய். நான் கேட்கவே இல்லை.

மேடத்தின் முகம் மாறியது. "சோதனை நாள்லயே மறப்பீங்களா? அப்புறம் உங்க கணக்கை நான் எப்படி நம்பறது?" என்றபடி கடித உறையை மேசையிலிருந்து எடுத்தார். நான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், வேலை எனக்கு. பள்ளமும் சுவரிலேயே இருக்கும்.

அவளைப் பார்த்தேன். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. எனக்காகத் தன் வேலையையே விட்டுக்கொடுக்கிறாளாம்! எனக்கு நன்றி வரவில்லை. அடிவயிற்றிலிருந்து எரிச்சல்தான் வந்தது. கண்ணும் இவளுக்கு, கணக்கும் இவளுக்கு, நல்ல மனசும் இவளுக்குத்தானா? நாளைக்கு இவள் கால்தூசிக்கு நான் சமமில்லை என்று என் மனசே என்னைக் குத்துமே. அதற்கு ஒருநாளும் இடம் கொடுக்கமாட்டேன்.

"அவ பொய் சொல்றா மேடம்" என்றேன். "நான் என்னிக்குமே கரையில ஸ்பிரிட் ஊத்தினதில்லை. பன்னெண்டு வருஷமா."

மேடம் சுவரிலிருந்து வரைபடத்தைக் கழற்றித் தரையில் சாய்த்து வைத்தார். பழைய பதிவேடுகளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்து, ஒரு பென்சிலையும் கொடுத்தார். பன்னிரண்டு வருடத்து வெயில் மாதங்களையும் என் கையாலேயே அடித்தேன். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கடிதம் அவளுக்குப் போயிற்று. என்னை வேலையைவிட்டு நிறுத்தவில்லை. இன்றுவரை தற்காலிகம்தான்.

மறுநாள் துறையில் வலை அலசிக்கொண்டிருந்தோம். கேட்டே விட்டேன். "எதுக்குடி அந்தப் பொய்யைச் சொன்ன? பெரிய தியாகின்னு பேர் வாங்கவா?"

அவள் வலையை உதறினாள். "தியாகமா? நல்லா வாயில வருதுக்கா. நீங்க இந்த வேலைக்குச் சேர்ந்த நாள்லேர்ந்து, உங்க அக்காவைப் பாரு, ஏரியையே கணக்கெடுக்கறா, நீ வீட்ல ஊசி தேடிக்கிட்டு இருன்னு உங்க கொழுந்தன் சொல்லாத நாள் உண்டா? எனக்கு எவ்வளவு எரிஞ்சிருக்கும்? உங்களுக்கு வேலை கிடைக்கட்டும், ஆனா நான் போட்ட பிச்சைல கிடைக்கட்டும், ஆயுசுக்கும் என் முன்னாடி தலையைக் குனிஞ்சுக்கிட்டு நடப்பீங்கன்னு நினைச்சேன்." வலையைத் தோளில் போட்டுக்கொண்டாள். "அதையும் கெடுத்துட்டீங்க."

அத்தனை வருடத்தில் அவளை எனக்கு முதல்முறையாகப் பிடித்துப்போனது அப்போதுதான். சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது. படகுக்காரர் எங்களுக்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்தார்.

அதிலிருந்து கரையில் இறங்கியதும் என் ஜாடியில் ஸ்பிரிட் ஊற்றுவது அவள்தான். என் விரல் வெடிப்பு ஆறவில்லை. ஊற்றிவிட்டு, "ஊத்தியாச்சுக்கா, உங்க தும்பியெல்லாம் இன்னிக்குப் பட்டினி" என்பாள். தட்டறையில் இப்போது வேறு வரைபடம் மாட்டியிருக்கிறது. வெயில் மாதங்களில் கோடு கொஞ்சம் தாழ்ந்து நேரே போகும், பள்ளம் கிடையாது.

அடுத்த வாரம் அவள் கிளம்புகிறாள். அங்கே ஏழு ஏரியாம், பெரிய படகாம், கீழே நாலு பேராம். இதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் போகிறாளே என்றா, நான் போகவில்லையே என்றா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். அதையெல்லாம் பிரித்து எண்ணிப் பார்க்கிற கண் எங்கள் வீட்டில் ஒருத்திக்குத்தான் உண்டு. அவளிடம் போய்க் கேட்க நான் தயாரில்லை.