பட்டியலில் பத்தாவது ஆள்

எங்கள் வீட்டில் பேஸ்பால் ஆட்டத்தை யாரும் ஒருநாளும் பார்த்ததில்லை. இருந்தும் எனக்கு எட்டு வயதான அந்தக் குளிர்காலத்தில், அமெரிக்காவில் அந்த விளையாட்டின் ஆரம்ப கால ஆண்டு ஒன்றில் மிகச் சிறப்பாகப் பந்தெறிந்த ஒன்பது பேரின் பெயர்களையும் மூச்சுவிடாமல் ஒப்பிப்பேன். அதற்குக் காரணம் மாமா. அம்மாவின் மூத்த தம்பி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, வேலை செய்ய பிரிட்டிஷ் அரசின் அனுமதி கிடைக்காமல், மனோர் பார்க்கில் எங்கள் முன்னறை சோபாவில் குடியிருந்தார். நூலகத்தில் கழித்துவிட்ட புத்தகங்களுக்குள் அந்தப் பட்டியல் உள்ள புத்தகத்தைக் கண்டெடுத்தவரும் அவர்தான்.

செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் மாமா காலையிலேயே ரயிலேறிப் போய்விடுவார். அவருடைய தம்பியை, அதாவது எங்கள் சின்ன மாமாவை, ஊரில் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தெரியாது. தடுப்புக்காவலில் உள்ளவர்களின் பெயர்ப்பட்டியல் வருகிற அலுவலகம் ஒன்று இருந்தது. அதைப் பார்த்துவிட்டுத் திரும்புவார். "இல்லை அக்கா" என்பார். அம்மா தேத்தண்ணீர் போடுவார்.

மற்ற நாட்களில் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் இருவரும் காஸ் ஹீட்டருக்கு முன்னால் கம்பளத்தில் படுத்துக்கொள்வோம். புத்தகத்தில் படங்கள் இல்லாததால் முகங்களை நாங்களே கொடுத்தோம். முதலாமவருக்கு ஈஸ்ட் ஹாம் நகைக்கடைக்காரரின் தூங்குமூஞ்சி. இரண்டாமவருக்கு எங்கள் பஸ் கண்டக்டரின் மீசை. நான்காமவருக்கு அப்பாவின் தொப்பை. அப்பாவுக்கு இது தெரியாது.

"கையைத் தூக்கிறார். கண்ணை மூடு பிள்ளை. பந்து போகுது, கூரையளுக்கு மேலாலை போகுது" என்று மாமா மெல்லச் சொல்லுவார். நானும் பார்ப்பேன். ஒரே மாதிரியான வீடுகளின் புகைபோக்கிகளுக்கு மேலே, கொடியில் நனைந்து தொங்கும் சட்டைகளுக்கு மேலே, வெள்ளைப் பந்து அவசரமே இல்லாமல் மிதந்து போகும். எங்கள் ஆட்டத்தில் அதை அடிக்கவும் ஆளில்லை, பிடிக்கவும் ஆளில்லை. அது விழுவதற்குள் நான் தூங்கிப்போவேன். அவ்வளவு சுகமான தூக்கம் பிறகு எனக்கு வாய்க்கவில்லை.

ஒருநாள் வகுப்பில், சுவரில் ஒட்டுவதற்கு ஆளுக்கொரு பட்டியல் எழுதிவரச் சொன்னார்கள். நான் ஒன்பது பந்தெறிவாளர்களையும் வரிசையாக அழகாக எழுதினேன். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் பத்தாவதாக ஒரு பெயர். மாமாவின் கையெழுத்து, பென்சிலில். நீளமான தமிழ்ப் பெயர்.

"இது ஆர் மாமா?"

"இவனும் நல்லாப் பந்து போடுவான். இடக்கையாலை."

"புத்தகத்திலை இல்லையே!"

"ஓம். புத்தகத்திலை இல்லை" என்றார் மாமா. "கிடக்கட்டும் பிள்ளை."

கிடக்கட்டும் என்று விடுகிற பிள்ளையா நான்? ஐயர் மந்திரத்தில் ஒரு வரியை விட்டாலும் எழுந்து நின்று சொல்லக்கூடியவள். வெள்ளைக்காரப் பெயர்களுக்கு நடுவில் இதைக் கண்டால் வகுப்பே சிரிக்கும் என்று கோபம் வேறு. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அழிறப்பரால் தேய்த்து, தூளை ஊதிவிட்டு, தாளை உயர்த்திக் காட்டினேன். மாமா அதை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் பிடித்திருந்தார். "வடிவாய் அழிச்சிருக்கிறாய்" என்று திருப்பித் தந்தார்.

எங்கள் வீட்டில் சின்ன மாமாவை வீட்டுப் பெயரால்தான் சொல்லுவார்கள். அவருடைய முழுப்பெயரை நான் வாசித்தபோது எனக்கு இருபது வயது. அம்மா எங்கெங்கோ அனுப்பிய மனுக்களின் பிரதியில் அது இருந்தது. எந்த அலுவலகத்தின் பட்டியலிலும் அந்தப் பெயர் கடைசிவரை வரவேயில்லை. வந்தது ஒரேயொரு பட்டியலில். அதில் நான் அதை விட்டுவைக்கவில்லை.

அன்று எனக்கு அதெல்லாம் தெரியாது. அடுத்த செவ்வாய்க்கிழமை ஆசிரியை பட்டியலைச் சுவரில் ஒட்டினார். வீட்டுக்கு ஓடிவந்தேன். மாமா அப்போதுதான் அலுவலகத்திலிருந்து திரும்பி, படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்.

"ஒரு பிழையும் இல்லையாம் மாமா!"

"அப்பிடியே? எல்லாரும் இருக்கினமோ?"

"ஓம் மாமா, எல்லாரும் இருக்கினம்" என்றேன், பெருமை தாங்காமல்.