முதல் புள்ளியோடு முடிகிற ஆட்டம்

அமெரிக்கர்கள் கால்பந்து என்று சொல்வது பெரும்பாலும் கையால் ஆடுவது. நான் சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் சோதனைப் பிரிவில் இருந்தபோது எங்கள் வாடிக்கையாளர்கள் அமெரிக்கர்கள். ஜனவரி மாதத்தில் அவர்களிடம் இரண்டு வார்த்தை பேச வேண்டுமென்றால் அந்த வார நாக்-அவுட் ஆட்டங்கள் தெரிந்திருக்க வேண்டும். வேலைக்காகப் படிக்கத் தொடங்கி இரண்டே சீசனில் ரசிகையாகிவிட்டேன். அப்போது அங்கே இருந்த விதி இது: ஆட்டம் சமனில் முடிந்தால் காசு சுண்டுவார்கள். வென்ற அணி பெரும்பாலும் பந்தை எடுத்துக்கொள்ளும். யார் முதலில் புள்ளி எடுத்தாலும் ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும். மற்ற அணிக்குப் பந்து ஒருமுறைகூடக் கைக்கு வராமல் போகலாம்.

எல்லாரும் காசைத் திட்டினார்கள். எனக்குக் காசின் மேல் கோபமில்லை. முழு ஆட்டத்தில் நடுவர் ஐந்து தவறு செய்தாலும் அவை ஒன்றோடொன்று கலந்து கரைந்துவிடும். முதல் புள்ளியோடு முடிகிற ஆட்டத்தில் ஒரே ஒரு தவறுகூடக் கரைய இடமில்லை. ஆகவே ஆட்டம் சுருங்கச் சுருங்கச் சாட்சி கூட வேண்டும் என்பது என் கட்சி. இந்தக் கருத்து எனக்குத் தொலைக்காட்சி பார்த்து வந்ததில்லை. விருதுநகரில் ஒரு பள்ளி மைதானத்தில், பெண்கள் கபடியின் அரையிறுதியில் வந்தது.

அதற்கு முந்தைய வருடம் பாலிடெக்னிக்கில் வேதியியல் தொழில்நுட்ப டிப்ளமோ முடித்து, எம். புதுப்பட்டியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மேற்பார்வையாளராகச் சேர்ந்திருந்தேன். எந்த அறையில் எத்தனை பேர், எவ்வளவு மருந்து, எத்தனை மணிக்கு என்று பட்டியல் போடுவது என் வேலை. கம்பெனியின் பெண்கள் கபடி அணிக்குப் புள்ளி எழுதும் பொறுப்பும் அதனாலேயே என்னிடம் வந்தது. பயிற்சியாளர், எங்கள் வேன் ஓட்டும் அண்ணாச்சி.

அணியில் பாடிப் போவதற்கென்று ஒருத்தி இருந்தாள். பூச்சட்டி என்கிற புஸ்வாணத்துக்கு மருந்து செலுத்தும் அறையில் வேலை. வயது வரம்புப்படி அவளுக்கு அது கடைசிப் போட்டி. இறுதி ஆட்டத்துக்குப் போகும் இரண்டு அணிகளிலிருந்து மட்டும் மாநில முகாமுக்கு ஆள் எடுப்பார்கள். முகாமுக்குப் போனால் போலீஸில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைக்க வழி உண்டு. மருந்து அறையை விட்டு வெளியே போக அவளுக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். அவளுடைய அம்மாவும் அதே அறையில்தான் இருந்தாள், மூச்சு வாங்க ஆரம்பிக்கும் வரை.

எங்கள் அணிக்கு ஒரு வழக்கம் இருந்தது. மருந்தில் கலக்கும் அலுமினியப் பவுடர் எத்தனை தேய்த்தாலும் கை ரேகைக்குள் தங்கும், வியர்த்தால் வெளியே வரும். எங்கள் பெண்கள் எதிரணியைத் தொட்டால் சட்டையில் சாம்பல் நிறத்தில் விரல் பதியும். தொட்டாளா இல்லையா என்று தகராறு வந்தால் உள்ளூர் நடுவர்கள் சட்டையைத்தான் திருப்பிப் பார்ப்பார்கள். அதனால் ஆட்டத்தன்று யாரும் கையைத் தேய்த்துக் கழுவுவதில்லை. "தண்ணிய மட்டும் ஊத்திட்டு ஏறுங்கத்தா" என்பார் அண்ணாச்சி.

அரையிறுதியன்று பாடிப் போகிறவளின் கையை நான்தான் கழுவிவிட்டேன். முந்தைய வருடம் முகாமுக்கு ஆள் எடுக்க வந்த தேர்வாளர் ஒருவர் எங்கள் பெண் ஒருத்தியின் கையைப் பார்த்துவிட்டு, "ஃபேக்டரிப் புள்ளையா? முகாமுக்கு லீவு குடுப்பாங்களா?" என்று கேட்டு, அவள் பெயரை எழுதாமலே நகர்ந்திருந்தார். இந்த முறையும் தேர்வாளர்கள் வருகிறார்கள். அவர்கள் பார்க்கப்போவது இவளைத்தான். மைதானத்துக் குழாயடியில் உட்கார வைத்து, முதலில் தேங்காய் எண்ணெய், பிறகு சோப்புத்தூள், பிறகு நகத்துக்குள் பழைய பல் துலக்கி என்று வரிசையாகச் செய்தேன். மூன்று முறை.

"என்னக்கா, பொண்ணு பாக்க வாராகளா?" என்றாள் அணியில் ஒருத்தி.

"வந்தா ஒன்னையக் காமிச்சு வெரட்டி விட்டுருவோம்ல" என்றாள் இவள். எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

அண்ணாச்சி அவள் உள்ளங்கையைப் பிடித்துப் பார்த்தார். "வெள்ளவெளேர்னு ஆக்கிட்டீகளே" என்றார். நான் தேர்வாளர் கதையைச் சொன்னேன். "படிச்சவுக சொல்றீக. சரியாத்தான் இருக்கும்" என்று போய்விட்டார்.

காரியாபட்டிப் பக்கத்து அணி வெள்ளைச் சட்டையில் வந்தது. ஆட்டம் சமன். கூடுதல் நேரம் ஐந்தைந்து நிமிடம், அதிலும் சமன். அந்தப் போட்டிக்கென்று அவர்கள் அச்சடித்திருந்த விதிப்படி, அடுத்து காசு சுண்டி, மாறி மாறிப் பாடிப் போக வேண்டும். முதல் புள்ளி எடுக்கும் அணிக்கு வெற்றி. காசு எங்களுக்கு விழுந்தது. அவள் போனாள்.

திரும்பும்போது புறங்கையை வீசினாள். அந்தப் பக்கத்து மூலைக்காரி இடுப்பை ஒடித்து விலகினாள். இவள் கோட்டைத் தொட்டுவிட்டு இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். எங்கள் பெண்கள் கத்திக்கொண்டு உள்ளே பாய்ந்தார்கள். மூலைக்காரி மட்டும் நின்ற இடத்திலேயே நின்று, "தொடல சார்" என்றாள்.

"தொட்டேன் சார்! இடுப்புல பட்டுச்சு! அவகிட்டயே கேளுங்க!"

"நாந்தான் சொல்றேன்ல, படல" என்றாள் மூலைக்காரி.

நடுவர் எங்கள் அணியை அறிந்தவர். மூலைக்காரியைத் திருப்பி நிறுத்திச் சட்டையைப் பார்த்தார். முதுகில் மண் இருந்தது. இடுப்புப் பக்கம் சுத்தமாக இருந்தது. பக்கக் கோட்டு நடுவர்கள் இரண்டு பேரும் உதட்டைப் பிதுக்கினார்கள். அவர் நேராக என் மேசைக்கு வந்தார்.

"ஏம்மா, நீ பாத்தியா?"

எங்கள் பெண் கையை வீசியபோது நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து அவள் முதுகுதான் தெரிந்தது. கை தெரியவில்லை. இப்போது அவள் முகத்தைப் பார்த்தேன். பிறகு, "பாக்கல சார்" என்றேன்.

புள்ளி இல்லை என்று கை அசைத்தார். அடுத்து அவர்கள் பாடி வந்தார்கள். எங்கள் வலது ஓரத்துப் பெண்ணின் தோளில் பட்டது. அவளே கையைத் தூக்கிவிட்டு வெளியே நடந்தாள். அதோடு முடிந்தது. நான் புள்ளித்தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

 வேனில் ஏறியதும் தோளில் பட்டவளை இன்னொருத்தி திட்ட ஆரம்பித்தாள். "நீ மட்டும் என்ன அரிச்சந்திரன் பேத்தியா? அந்த மூலைக்காரி சொன்னாளா? நீ ஏன்டி கையத் தூக்குன?"

"பட்டுச்சு. தூக்குனேன்."

"சும்மா வாங்கத்தா" என்றார் அண்ணாச்சி திரும்பாமல்.

பாடிப் போனவள் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். கை இரண்டையும் மடியில் மல்லாத்தி வைத்திருந்தாள். சிவகாசி விளக்குகள் தெரியத் தொடங்கியபோது கேட்டாள்.

"அக்கா, நான் தொட்டது நெசம்னு நம்புறீகளா?"

"நம்புறேன்."

"நெசமா?"

"நீ பொய் சொல்ல மாட்ட. எனக்குத் தெரியும்."

மடியில் இருந்த கையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

"அப்ப அதச் சொல்லியிருக்கலாம்லக்கா, அவர்கிட்ட."

அவர் கேட்டது நீ பார்த்தாயா என்று, நம்புகிறாயா என்று அல்ல. இந்தப் பதில் என்னிடம் தயாராக இருந்தது, சரியான பதிலும்கூட. நான் சொல்லவில்லை. சோப்பைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அழுதிருப்பேன். அவள் கேட்கவே இல்லை. அது அவள் நல்ல குணமா, அல்லது அதைவிடப் பெரிய குறை என்னிடம் கண்டுவிட்டாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

போட்டிக் குழுவுக்கு ஒரு மனு எழுதினேன். ஒன்று, ஒற்றைப் புள்ளியில் முடிவாகும் கட்டத்தில் இரண்டு பக்கமும் கூடுதல் நடுவர் வேண்டும். இரண்டு, தகராறு வந்தால் அந்த ரெய்டை மறுபடி ஆடவைக்க வேண்டும். மூன்று, சட்டையில் கறை இருப்பதையும் இல்லாததையும் சாட்சியாக எடுக்கக் கூடாது. மூன்றாவதை எழுதும்போது, அதுவரை அந்தக் கறையால் நாங்கள் வாங்கிய புள்ளிகள் நினைவுக்கு வந்தன. அந்த வரியை அடித்துவிடவில்லை, அப்படியே அனுப்பினேன். பதில் வரவில்லை.

முகாமுக்கான பெயர்கள் அடுத்த வாரம் வந்தன. இறுதி ஆட்டம் ஆடிய இரண்டு அணிகளிலிருந்து மட்டும். அவள் திங்கட்கிழமையே வேலைக்கு வந்திருந்தாள். பட்டியல் போடுகிறவள் நான் என்பதால் அவளைப் பெட்டி ஒட்டும் பகுதிக்கு மாற்றப் ஃபோர்மேனிடம் கேட்டேன். சீசன் நேரம், மருந்து செலுத்தத் தெரிந்த கையை எடுக்க முடியாது என்றார். பழைய அறைக்கு நேராக அவள் பெயரை எழுதினேன்.

பத்து மணி வாக்கில் என் அறைவாசலில் வந்து நின்றாள். வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

"கந்தகம் தீந்துருச்சு, மேடம்" என்றாள்.