ஒன்பது மாடி பலூனும் ஒருநாள் நைட்டிக் கடையும்

எங்கள் குடியிருப்பை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு குறுகலான தெரு. மூன்று மாடி, லிஃப்ட் கிடையாது. மழைக்காலத்தில் குளியலறைக் கூரையிலிருந்து சிமெண்ட் உதிர்ந்து வாளியில் விழும். இடிக்கலாம். ஆனால் எத்தனை மாடி கட்டுவது, கீழே கடை வரலாமா என்ற இரண்டு கேள்விகளில் ஒரு கோடை முழுவதும் போயிற்று.

முதல் கூட்டத்துக்கு பில்டரின் ஆள் தெர்மாகோலில் செய்த மாடல் ஒன்றை மொட்டை மாடிக்குத் தூக்கி வந்தார். ஒன்பது மாடி. கீழே கடைகள். அவற்றின் முன்னால் நகத்தளவு மனிதர்கள் பைகளோடு நின்றார்கள்.

"ஒன்பது மாடியா? லிஃப்ட் நின்னா யார் ஏறறது? அஞ்சு போதும்" என்றார் எங்கள் சங்கச் செயலாளர். அவர் இருப்பது மூன்றாவது மாடியில். தினமும் பலமுறை ஏறி இறங்குகிறவர்.

முதல் மாடி மாமியின் கோரிக்கை வேறு. "நேக்கு மொட்டை மாடிக்குக் கீழ் போர்ஷன்தான் வேணும். தலைக்கு மேல யாரும் நடமாடிண்டு இருக்கப்படாது. ஆனா மூணாவது மாடிக்கு மேல நான் போகமாட்டேன்."

"அப்படின்னா மூணு மாடிதான் கட்ட முடியும், மேடம்" என்றார் பில்டரின் ஆள்.

"கட்டுங்கோ."

"மிச்ச வீடெல்லாம்?"

"அதை நீங்கன்னா யோசிக்கணும்!"

நான் ஒன்பது மாடிக் கட்சி. எங்கள் சமையலறை ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் கழிவுநீர்க் குழாய்தான் தெரியும். ஒன்பதாவது மாடியிலிருந்து சாந்தோம் தேவாலயக் கோபுரமும் அதன் பின்னால் கடலும் தெரியும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டிருந்தேன். கூட்டத்தில் 'காற்றோட்டம்' என்று மட்டும் சொன்னேன்.

"ஒன்பது மாடி எவ்வளவு உயரம்னே தெரியாம எப்படிப் பேசறது?" என்று செயலாளர் மடக்கினார். அந்த வேகத்தில், "அவ்வளவு உயரத்துக்கு ஒரு பலூன் பறக்கவிட்டுப் பார்க்கலாமே" என்று சொல்லிவிட்டேன். பில்டரின் ஆள் மகிழ்ந்துபோனார். திறப்பு விழாக்களில் பறக்கவிட அவர்களிடம் பெரிய பலூனே இருந்தது.

அடுத்த ஞாயிறு சாயங்காலம் பலூன் வந்தது. கயிற்றில் மாடிக்கு ஒன்றாகக் கலர் துணி கட்டியிருந்தார்கள். யோசனை என்னுடையது என்பதால் கயிறு என் கைக்கு வந்தது. பலூன் மேலே போனது. கடல்காற்று பிடித்துக்கொண்டதும் அப்படியே மேற்கே படுத்துவிட்டது. ஒன்பதாவது மாடி, பக்கத்துத் தெருவில் ஒரு தென்னை மர உயரத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

"பாத்தீங்களா? ஒன்பது மாடின்னா இவ்வளவுதான்" என்றார் பில்டரின் ஆள்.

செயலாளர் கயிற்றோடு சேர்த்துத் தலையைச் சாய்த்துப் பார்த்தார். "கட்டடம் இப்படிச் சாயாதே?" என்றார்.

"காலைல வுட்டிருந்தா நிமிந்து நின்னுருக்கும் சார். இப்போ இன்னா காத்து அடிக்குது பாருங்க" என்றார் கேஸ் அடிக்க வந்தவர்.

மாமி மட்டும் கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்து, "அதோ, மூணாவதா கட்டியிருக்கற அந்த மஞ்சத் துணிதான் என் போர்ஷன். அதுக்கு மேல இருக்கறதெல்லாம் அவுத்துடுங்கோ" என்றார்.

அதற்குள் பக்கத்துத் தெருவிலிருந்து ஒருவர் லுங்கியோடு ஓடிவந்தார். "எங்க டாங்க் மேல வந்து நிக்குது! எங்க வீட்டுக்கு மேலயா கட்டப்போறீங்க?"

"வெறும் பலூன் சார்" என்றேன்.

"இன்னைக்கு பலூன். நாளைக்கு?"

மாடலைக் காட்டி அவரைச் சமாதானப்படுத்தினோம். அதைக் குனிந்து பார்த்தவர், "கீழ என்ன கடை வருது?" என்று கேட்டார். கடைச் சண்டை அங்கே ஆரம்பித்தது.

கடை வேண்டும் என்றவர் தரைத்தளத்து அண்ணாச்சி. தி. நகரில் ஜவுளிக் கடை வைத்திருப்பவர். மற்றவர்கள் பிரியாணிக் கடை வந்துவிடும் என்று பயந்தார்கள். இல்லாத அந்தக் கடையின் வாசனை எத்தனையாவது மாடி வரை ஏறும் என்று இரண்டு கூட்டங்களில் விவாதித்தோம். "எந்தக் கடை பிரியாணி?" என்று என் மனைவி நடுவில் கேட்டதை யாரும் ரசிக்கவில்லை.

கடைசியில் அண்ணாச்சி எழுந்து நின்றார். "நான் என்ன சொல்லுதேன்னா, ஒருநாள் கார் நிறுத்துத இடத்துல நானே கடை போட்டுக் காட்டுதேன். எவ்வளவு கூட்டம், எவ்வளவு சத்தம்னு நீங்களே பாருங்க."

அடுத்த ஞாயிறு காலை இரண்டு பெஞ்சில் நைட்டிகளைக் குவித்து, கொடி கட்டிச் சிலதைத் தொங்கவிட்டார். சத்தத்தைக் கண்காணிக்க செயலாளர் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். தெருவே வந்துவிட்டது. லுங்கிக்காரர் மனைவியோடு வந்தார். கண்டிக்க இறங்கி வந்த மாமி குவியலைப் புரட்டி, "இதுல பாக்கெட் வெச்சது இருக்கா?" என்று கேட்டு இரண்டு வாங்கினார். செயலாளரின் மனைவி மூன்றாவது மாடியிலிருந்து, "அந்த நீலம் என்ன சைஸு? விரிச்சுக் காட்டுங்க!" என்று கத்தினார். செயலாளர் நைட்டியைத் தலைக்கு மேல் விரித்துப் பிடித்தபடி நின்றார். "இது இல்ல, பக்கத்துல!" அன்று எங்கள் வளாகத்தில் எழுந்த பெரிய சத்தம் அதுதான்.

சாயங்காலக் கூட்டத்தில் மாமி மடியில் துணிப்பையோடு, "கடை வரவே கூடாது" என்றார்.

"நீங்களே ரெண்டு வாங்கினீங்களே மாமி" என்றாள் என் மனைவி.

"வாங்கினேன். அதுக்காக? ஆத்துக்கே கொண்டுவந்து குடுத்தா வாங்கிக்கமாட்டேனா?"

கை தூக்கச் சொன்னபோது கடைக்கே அதிகக் கைகள். செயலாளர் கையும் பாதி உயரத்தில் இருந்தது, அதையும் சேர்த்துக்கொண்டார்கள்.

உயரம்தான் பாக்கி. அதற்குள் பில்டர் அனுப்பிய பொறியாளர் வந்து தெருவை அளந்தார். இந்த அகலத்துக்கு ஐந்து மாடிக்கு மேல் அனுமதி வராது என்று பில்டரின் ஆள் அறிவித்தார்.

"அப்போ நீங்க காட்டின ஒன்பது மாடி?" என்று கேட்டேன்.

"அது எல்லா ஏரியாவுக்கும் காட்டற மாடல் சார்."

யாருக்கும் கோபம் வரவில்லை. "நான் அப்பவே அஞ்சுன்னேன்" என்றார் செயலாளர். எனக்குத்தான், இல்லாத ஒரு சமையலறையை யாரோ பிடுங்கிக்கொண்டதுபோல இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

வீடுகளுக்குக் குலுக்கல் போட்டார்கள். எனக்கு இரண்டாவது மாடி. மாமிக்கு ஐந்தாவது. மறுநாள் காலையிலேயே கதவைத் தட்டினார். "தலைக்கு மேல யாரும் இல்ல, வாஸ்தவம். ஆனா அஞ்சு மாடி உசரம் நேக்கு ஆகாது. மாத்திக்கறேளா?"

மனைவி யோசித்தாள். "சரி. ஆனா பால் வாங்க நீங்கதான் இறங்கணும்" என்று என்னிடம் சொன்னாள். நான் மாமிக்குக் காபி போடவே எழுந்துவிட்டேன்.

இப்போது அடையாறில் வாடகை வீட்டில் இருக்கிறோம். புதுக் கட்டடத்தில் முதல் தளத்துக்குக் கம்பி கட்டுகிறார்கள். மாமி வாரம் தவறாமல் போன் செய்து, அஞ்சாவது மாடியில் காற்று நன்றாக வருமோ என்று விசாரிக்கிறார். நன்றாக வராது மாமி, ரொம்பப் புழுக்கமாக இருக்கும் என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறேன்.