ஹெஸ்டர்லி பிரபுவின் கடிதங்களுக்கு எது முன்பக்கம்

மேவிஸ் டாப்செல்லால் படிக்க முடியாத கையெழுத்து இங்கிலாந்தில் கிடையாது. இதை அவளே சொல்லுவாள், யாரும் கேட்காவிட்டாலும் சொல்லுவாள். இரண்டாம் உலக யுத்த காலத்தில் தபால் தணிக்கை ஆபீசில் உட்கார்ந்து, முகம் தெரியாத சிப்பாய்களின் காதல் கடிதங்களைப் படித்துத் தேறிய கண் அது. யுத்தம் முடிந்ததும் ஊர்ப்பக்கம் திரும்பி, கவுன்ட்டி, அதாவது மாவட்ட, ஆவணக் காப்பகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு, "ஆம்பளைங்க மனசுல என்ன இருக்குன்னு அத்தனை வருஷம் படிச்சாச்சு, போதாதா?" என்று ஒரே பதில்தான்.

அவளுடைய அப்பா ஹெஸ்டர்லி எஸ்டேட்டில் வேலிச் செடி வெட்டுகிறவர். பிரபுவின் கார் போனால் மழையானாலும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஓரமாக நிற்பார். சின்ன வயதிலேயே அவளுக்கு அதைப் பார்த்தால் வயிற்றெரிச்சலாக இருக்கும். அப்படிப்பட்டவளிடமே ஹெஸ்டர்லி வம்சத்துக் கடிதங்கள் ஒரு நிலக்கரி லாரியில் வந்து இறங்கியதை என்னவென்று சொல்வது!

விக்டோரியா ராணி காலத்தில் இரண்டு தடவை மந்திரியாக இருந்த மூன்றாம் ஹெஸ்டர்லி பிரபுவின் கடிதங்கள் அவை. அவரை மேவிஸ் "கிழவர்" என்றுதான் சொல்லுவாள். துருப்பிடித்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக உருவி, மடிப்புகளை நீவி, பாரம் வைத்து அழுத்தி, மூலையில் பென்சிலால் எண் போடுவது அவள் வேலை. காகிதம் இருக்கும் அறையில் டீ கூடாது. மாடிப்படித் திருப்பத்தில் நின்றுகொண்டு குடிக்கும்போது, "இன்னிக்குக் கிழவருக்கு மூட்டுவலி. கையெழுத்து எல்லாம் சாயுது" என்று பக்கத்து வீட்டுச் செய்தி மாதிரி சொல்லுவாள்.

கிழவரிடம் ஒரு வினோதப் பழக்கம் இருந்தது. எஸ்டேட்டில் ஆயிரக்கணக்கான ஏக்கர், லண்டனில் மாளிகை, ஆனால் காகிதம் வாங்க மட்டும் மனசு வராது. குத்தகைக்காரர்கள் எழுதும் கடிதங்கள் பெரும்பாலும் ஒரு பக்கம்தான் இருக்கும். அந்தத் தாளைத் திருப்பி, வெறும் பக்கத்தில் சக மந்திரிகளுக்கும் பிரதமருக்கும் தான் எழுதப்போவதை முதலில் கிறுக்கிப் பார்ப்பார். பிறகு காரியதரிசி அதை நல்ல தாளில் பிரதி எடுத்து அனுப்புவான். இப்படியாக, ஒரு பக்கத்தில் பன்றி செத்துப்போன கதையும் மறுபக்கத்தில் எகிப்து விவகாரமும் இருக்கும்.

அப்படியானால் ஒரு தாளுக்கு எது முன்பக்கம்? இந்தக் கேள்வியில்தான் காப்பகத் தலைவர் ராட்வேக்கும் மேவிஸுக்கும் முட்டிக்கொண்டது.

"மிஸ் டாப்செல், பன்னிக்குப் போய் எண் போட்டு, பிரதமருக்கு எழுதினதைப் 'பின்பக்கம்'னு குறிச்சிருக்கீங்க. வெளியில சொன்னா சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும் சார். யாரு முதல்ல எழுதினாங்களோ அவங்க பக்கம்தான் முன்பக்கம். பிரதமர் காத்துக்கிட்டு இருக்கட்டுமே, எங்க ஆளுங்க எத்தனை காலம் காத்துக்கிட்டு இருந்தாங்க!"

ராட்வே நல்ல மனுஷர், ஆனால் சண்டை என்றால் தலைவலி வந்துவிடும். விட்டுவிட்டார். அட்டவணை முழுக்க அப்படியே ஏறியது.

எழுபதுகளில், கடிதங்களைக் காப்பகத்தில் கொடுத்துவைத்த பழைய பிரபு, கிழவரின் பேரன், காலமாகி, அவர் மகன் ஆப்ரி பட்டத்துக்கு வந்தான். முப்பது வயதுப் பையன், கெட்டவன் இல்லை. மாளிகைக் கூரை ஒழுகி, சாப்பாட்டு அறையில் வாளி வைத்திருந்தார்கள். கிழவரின் கடிதங்களை ஏலத்தில் விற்றால் கூரை போட்டுவிடலாம் என்று யாரோ சொல்ல, ஃபென்விக் என்ற ஏலக்காரரைக் கூட்டிக்கொண்டு ஒருநாள் காப்பகத்துக்கு வந்து நின்றான்.

ஃபென்விக் அட்டவணையைப் புரட்டிவிட்டு, கிழவர் கைப்பட எழுதியதை மட்டும் பொறுக்கினார். "மத்தவங்க இவருக்கு எழுதினது சந்தையில நிறைய கிடக்கு, மை லார்ட். இவர் எழுதினதுதான் காசு. இந்தக் குத்தகைக்காரங்க புலம்பல்தான் இடைஞ்சல். கண்ணாடிச் சட்டத்துல போட்டுட்டா பின்னால இருக்கிறது தெரியாது."

மேவிஸுக்குச் சுரீர் என்றது. அத்தனை பேருடைய குரலும் யாரோ ஒரு பணக்காரன் வீட்டுச் சுவரைப் பார்த்து ஒட்டிக்கொண்டு கிடப்பதா? காலமெல்லாம் குண்டூசி உருவியது இதற்கா?

"அந்தத் தாளு எதுவும் உங்களோடது இல்லையே, மை லார்ட்" என்றாள்.

ராட்வே நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"உங்கப்பா மந்திரிங்க அனுப்பின கடுதாசியை எல்லாம் இரவலாத்தான் குடுத்தாரு. குத்தகைக்காரங்க கடுதாசியை, இந்தக் குப்பையைக் கவுன்ட்டியே வெச்சுக்கட்டும்னு எழுதிக் கையெழுத்துப் போட்டு, தானமாவே குடுத்துட்டாரு. திருப்பிப் பாருங்க மை லார்ட்னு நான் அப்பவே சொன்னேன். அவங்க எழுதினதுல திருப்பிப் பார்க்க என்ன இருக்குன்னு கேட்டாரு. முன்பக்கம் எங்களோடது. பின்பக்கம் வேணும்னா உரிச்சு எடுத்துக்கிட்டுப் போங்க."

ஆப்ரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்கப்பா எதையுமே திருப்பிப் பார்த்ததில்ல" என்றான்.

ஃபென்விக் சிரிக்கவில்லை. "இந்தக் காப்பகத்தை நடத்துற கவுன்ட்டி கவுன்சிலோட தலைவர் உங்க சிநேகிதர்தானே, மை லார்ட்? ஒரு வார்த்தை கேட்டா திருப்பிக் குடுத்துடுவாங்க."

அது உண்மை. கவுன்சில் தலைவர் ஞாயிற்றுக்கிழமை தோறும் மாளிகையில் சாப்பிடுகிறவர். இனி எல்லாம் இந்தப் பையன் சொல்லப்போகும் ஒரு வார்த்தையில் இருக்கிறது என்று மேவிஸுக்கு விளங்கியது. அவள் கெஞ்சவில்லை. பெட்டியைத் திறந்து ஒரு தாளை எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

"விக்கிறதுன்னா வித்துக்குங்க. இதை ஒரு தடவை படிச்சிட்டு வித்துக்குங்க."

கோணல்மாணலான எழுத்து. ஆப்ரி விரலை ஓட்டிக்கொண்டு மெதுவாகப் படித்தான். ஹன்னா கோபியர் என்ற விதவை எழுதியிருந்தாள். புருஷன் செத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, வீட்டைக் காலி பண்ணச் சொல்கிறார் மேனேஜர், குழந்தைக்குக் காய்ச்சல், அறுவடை முடியும்வரை இருக்க அனுமதி கொடுத்தால் பிரபுவுக்காகத் தினம் பிரார்த்தனை செய்வேன், பதில் வரும்வரை மூட்டை கட்டாமல் இருக்கிறேன் என்று.

"இவங்களுக்கு என்ன பதில் எழுதினார்?" என்று கேட்டான்.

மேவிஸ் தாளைத் திருப்பிப் போட்டாள்.

கிழவரின் அழகான எழுத்து. ஏதோ ஒரு விருந்தில் யார் பக்கத்தில் யார் உட்காருவது என்று ஒரு மந்திரிக்கு எழுதிப் பார்த்திருந்தார். ஒரு சொல்லை மூன்று தடவை அடித்து மாற்றியிருந்தார்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். எல்லாப் பெட்டியும் தேடிட்டேன். அந்தம்மா பேரு எங்கேயுமே இல்ல."

ஆப்ரியின் காது சிவந்துவிட்டது. "ரெண்டு வரி எழுதியிருக்கலாமே" என்றான். மந்திரியின் கொள்ளுப்பேரனாக இல்லாமல், யாரோ வெளியாள் போலத்தான் சொன்னான்.

"எழுதியிருக்கலாம் மை லார்ட். பேனாவும் கையிலதான் இருந்துச்சு. தாளும் கையிலதான் இருந்துச்சு."

அவன் முகத்தைப் பார்க்க மேவிஸுக்கே பாவமாகிவிட்டது. ஆனாலும் சொன்னதை மாற்றிச் சொல்லவில்லை.

ஃபென்விக் தொண்டையைச் செருமினார். "அப்போ தலைவர்கிட்ட எப்போ பேசலாம், மை லார்ட்?"

"பேச வேணாம், மிஸ்டர் ஃபென்விக்" என்றான் ஆப்ரி. "அந்தம்மா பதிலுக்குக் காத்திருந்த தாளைக் கேட்டு வாங்க எனக்கு வாய் வராது."