யூசுப் போடாத கையெழுத்து

யூசுப்போடு வேலை பார்ப்பதைவிடப் பூந்தமல்லி பஸ்ஸில் படியில் தொங்கிக்கொண்டு போவது சுலபம். இருபத்தாறு வருட அனுபவத்தில் சொல்கிறேன். எங்கள் வேலை ராணுவத்தின் பழைய விமானங்களைப் பழுது பார்ப்பது. பட்டறையின் பேர் வேண்டாம், நான் இன்னும் பென்ஷன் வாங்க வேண்டியவன்.

ஒரு மணி நேர வேலையை யூசுப் மூன்று மணி நேரம் பார்ப்பான். விமானத்தின் வயிற்றுக்கடியில் டார்ச்சோடு மல்லாந்து கிடப்பான். கூப்பிட்டால் வர மாட்டான். மற்றவர்கள் பதிவேட்டில் 'சரி' என்று எழுதும் இடத்தில் இவன் அரைப் பக்கம் குறை எழுதுவான். அதனாலேயே மூன்று முறை பதவி உயர்வு போயிற்று. அவன் மனைவி ஷம்ஷாத் தினமும் இரண்டு டிபன் டப்பா கொடுத்தனுப்புவாள். ஒன்று எனக்கு. இந்த ஒரு காரணத்துக்காகவே அவனைப் பலமுறை பொறுத்துப் போயிருக்கிறேன்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பழுது பார்த்த விமானம் பறக்கலாம் என்று கையெழுத்துப் போடுகிறவன், அது முதல் முறை மேலே போகும்போது தானும் ஏறிப் போக வேண்டும். எந்த உத்தரவிலும் இது கிடையாது. சில வருடமாக எல்லோரும் அதை மறந்தும் விட்டோம். போன ஜூன் மாதம் அதை எழுப்பிவிட்டது யூசுப்பின் வாய்தான்.

நாற்பது வயதான ஒரு சரக்கு விமானம். சக்கரத்தை மடக்கி இறக்கும் எண்ணெய்க் குழாய் ஒழுகியது. புதுக் குழாய் கிடையாது, செய்த கம்பெனியே மூடி வருடக்கணக்காகிறது. கொட்டகைக்குப் பின்னால் எஞ்சின் இல்லாமல் கிடக்கும் இன்னொன்றிலிருந்து கழற்றி மாட்டச் சொன்னார் அதிகாரி. யூசுப் கழற்றினான். அந்த ரப்பர்க் குழாயை என் காதருகே வைத்து வளைத்தான்.

"நொறுநொறுன்னு சத்தம் வருது பாரு அண்ணாத்தே. காஞ்சி போய் கீது."

எனக்கும் கேட்டது. நன்றாகவே கேட்டது.

"பிரஷர் டெஸ்ட்ல பாஸ் ஆயிடுச்சே யூசுப், அப்புறம் என்ன?" என்றார் அதிகாரி.

"தரையில பாஸ் ஆச்சு சார். மேல சக்கரம் மடங்கசொல்லோ இதுவும் மடங்கணும். நான் கையெழுத்து போட மாட்டேன். போடறவங்க அதுலயே ஏறிப் போவட்டும், பழைய வழக்கம் கீதில்ல?"

எல்லோரும் பயந்து பின்வாங்குவார்கள் என்று நினைத்தான், மடையன். அதிகாரி என் பக்கம் திரும்பினார். "நீங்க என்ன சொல்றீங்க கஜபதி?"

எனக்கு ஓய்வு பெறப் பதினான்கு மாதம் இருந்தது. மறுத்தால் ஸ்டோரில் தூக்கிப் போடுவார்கள். ஊரிலேயே இவன் ஒருவன்தான் யோக்கியனா என்ற எரிச்சல் வேறு. போட்டுவிட்டேன்.

"வாணாம் அண்ணாத்தே," என்று ஏணி வரைக்கும் பின்னாலேயே வந்தான்.

"வாயை மூடிகினு இருந்தியா நீ? உன்னாலதான்டா ஏறிகினு கீறேன்!" என்று கத்திவிட்டு ஏறினேன்.

மேலே போய்ச் சக்கரம் மடங்கியதும் என் காலடித் தகட்டின் இடுக்கிலிருந்து சிவப்பு எண்ணெய் பீச்சி முழங்காலில் அடித்தது. பிறகு சொட்டாகக் கசிந்தது. இறங்கும்போது சக்கரங்கள் சரியாக இறங்கிப் பூட்டிக்கொண்டதற்கு அடையாளமாக மூன்று பச்சை விளக்கு எரிய வேண்டும். இரண்டு உடனே எரிந்தன. மூன்றாவது எரிவதற்குள் என் பெண் தீபிகாவின் முகத்தைத் தவிர எனக்கு வேறு எதுவும் நினைவில் இல்லை. அப்புறம் எரிந்தது. இறங்கினோம்.

"பாத்தீங்களா யூசுப்? போச்சு, வந்துச்சு," என்றார் அதிகாரி. எல்லோரும் சிரித்தார்கள். இதுதான் என் வயிற்றெரிச்சல். ஒவ்வொரு முறை திரும்பி வருவதையும் அந்தக் கிழட்டு விமானத்துக்கு நற்சான்று என்று எடுத்துக்கொள்கிறார்கள். எந்த லட்சணத்தில் திரும்பி வந்தது என்று யாரும் கேட்பதில்லை.

யூசுப் மட்டும் கேட்டான். "எண்ணெய் வந்துச்சா?"

"இல்ல," என்றேன்.

அவன் என் முழங்காலைப் பார்த்தான். காக்கித் துணியில் வெற்றிலை அளவுக்குச் சிவப்பு. பதிவேட்டைப் பிரித்து, பேனாவைத் திறந்து என் முன்னால் வைத்தான். எழுதினால் விமானம் நின்றுவிடும். என் கையெழுத்தும் பொய்யாகிவிடும். சாப்பாட்டு மணி அடித்தது. எழுந்து போய்விட்டேன்.

மறுநாள் காலையில் யூசுப்பை ஸ்டோருக்கு மாற்றினார்கள். அவன் நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். வழக்கம்போல ஷம்ஷாத் கொடுத்தனுப்பிய இரண்டாவது டப்பாவை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனான். என்னால் திறக்க முடியவில்லை.

அன்று மதியம் அதே குழாயோடு, என் கையெழுத்தை நம்பி ஆறு பேர் அந்த விமானத்தில் ஏறினார்கள். முதல் முறை மட்டும் கூடப் போனால் போதும் என்பதுதானே வழக்கம். நான் கீழேயே நின்றுகொண்டேன்.