கொண்டை ஊசி வளைவில் கேட்டுவிட்ட கேள்வி

மூன்று வருடங்களுக்கு முன், ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்குகிற மலைப்பாதையில் நடந்தது இது. நாகலூர்ப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் நான் வேலை செய்கிறேன். என் கணவர் அதே எஸ்டேட்டில் பிக்கப் வண்டி ஓட்டுகிறார். இதையெல்லாம் வெளியே சொல்லலாமா என்று ரொம்ப நாள் யோசித்தேன். பெயர் போடப் போவதில்லை என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

பறித்த காபி களத்தில் காய்கிற மாதங்களில் ஆண்கள் முறை போட்டுக் காவல் படுப்பது எங்கள் எஸ்டேட் வழக்கம். தூறல் விழுந்தால் தார்ப்பாயை இழுத்து மூட வேண்டும், திருடு போகாமலும் பார்க்க வேண்டும். அந்த வருடம் என் கணவரும் பாய், கம்பளியோடு களத்துக் கொட்டகைக்குப் போனார். காபி காய்ந்தது, மூட்டை கட்டி அனுப்பியும் ஆயிற்று. மனிதர் மட்டும் வீட்டுக்குத் திரும்பவில்லை. சாப்பிட வருவார், குளிக்க வருவார், பொழுது சாய்ந்ததும் கம்பளியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். வெறும் களத்துக்கு என்ன காவல் வேண்டிக்கிடக்கிறது?

அதற்கு முந்தைய வருடம்தான் எனக்கு ஆபரேஷன் செய்து கர்ப்பப்பையை எடுத்திருந்தார்கள். என் அக்கா ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்து காதில் ஓதிவிட்டுப் போயிருந்தாள். "இனி உனக்கு அந்த நெனப்பே வராது கண்ணு. உன்ற ஊட்டுக்காரருக்கும் உன்னையப் புடிக்காமப் போயிரும். பாத்துப் பொழச்சுக்க."

அவள் சொன்னதில் முதல் பாதி பொய்யாகிவிட்டது. உடம்பு தேறத் தேற அந்த நினைப்பு எனக்குத் திரும்பி வந்தது. மாதவிலக்குத் தொல்லை போனதாலோ என்னவோ, முன்னைவிடத் தெம்பாகவே வந்தது. மாதாவே, மகளைக் கட்டிக்கொடுத்த வயசில் இதென்ன கூத்து என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். வெட்கத்தில், சர்ச்சில் ஃபாதரிடம் செய்கிற பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்லவில்லை.

அக்கா சொன்ன மீதிப் பாதிதான் என்னைத் தின்றது. களத்தில் இன்னொருத்தி இருக்கிறாளோ? ஒருநாள் ராத்திரி டீ கொடுக்கிற சாக்கில் போய்க் கொட்டகையை எட்டிப் பார்த்தேன். கம்பளியும் பீடிக்கட்டுமாக அவர் மட்டும்தான் கிடந்தார். கூட யாரும் இல்லை என்று தெரிந்ததும் நிம்மதி வர வேண்டுமே, வரவில்லை. பயம் இரண்டு பங்காயிற்று. வேறு ஒருத்தி இல்லாமலேயே என்னை ஒதுக்குகிறார் என்றால், நான் ஒன்றுக்கும் ஆகாதவளாகிவிட்டேன் என்றுதானே அர்த்தம்?

அந்த வாரமே ஒருநாள் எனக்குச் சேலத்தில் செக்கப். மிளகு மூட்டை இறக்கப் போகிற வண்டியில் என்னையும் ஏற்றிக்கொண்டார். ஸ்டீயரிங் பிடித்திருக்கிற ஆள் எழுந்து போய்விட முடியாது, இதுதான் சமயம் என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டேன். பனி இறங்கி ரோடே சரியாகத் தெரியவில்லை. வளைவுகள் ஆரம்பித்தன.

"ஏனுங்க, என்னைய வேண்டாமுன்னு ஆயிருச்சுங்களா?"

கேட்டுவிட்டு அவர் முகத்தைத் திரும்பிப் பார்த்தேன். அந்தக் குளிரிலும் நெற்றியில் வேர்வை. "தல சுத்துது புள்ள" என்றார். அவ்வளவுதான், கை ஸ்டீயரிங்கிலிருந்து நழுவித் தலை தொங்கிவிட்டது. எதிரே வளைவு. அதற்கு அப்பால் வெறும் வெள்ளை. கத்தினேனா இல்லையா என்றுகூட நினைவில்லை. ஹேண்ட் பிரேக்கை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். வண்டி கிரீச்சிட்டுக்கொண்டே போய்த் தடுப்புச் சுவரில் உரசி நின்றது. என் பக்க ஜன்னலில் தரையே தெரியவில்லை.

பின்னால் வந்த பஸ்சிலிருந்து கண்டக்டர் ஓடி வந்தார். "பயப்படாதீங்கக்கா, மூச்சு நல்லா வருதுங்க" என்றார். யாரோ காரில் ஏற்றிக் கீழே சேலம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வழியெல்லாம் இவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, நான் கேட்டதுதான் இவரைக் கொன்றுவிட்டது என்று மாதாவிடம் புலம்பிக்கொண்டிருந்தேன்.

பிரஷர் தாறுமாறாக ஏறியிருந்தது. பறிப்புக்கு முன்பு எஸ்டேட்டுக்கு வந்த மருத்துவ முகாமில் அவருக்குப் பிரஷர் மாத்திரை கொடுத்திருந்தார்கள். இவருக்கு நினைவு திரும்பியதும், அதை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று லேடி டாக்டர் கேட்டார். இவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, "நிறுத்திப்போட்டனுங்க" என்றார். ஏன் என்று டாக்டர் கேட்டதும் இவர் என்னை வெளியே போகச் சொன்னார். நான் அசையவில்லை.

"அத ஆரம்பிச்சதுல இருந்து... முடியறதில்லைங்க. ஊட்டுல படுக்கவே பயமா இருக்குதுங்க."

டாக்டர் சளிக்குச் சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னார். மாத்திரையால் இருக்கலாம், பிரஷராலேயே இருக்கலாம், பயத்தாலும் இருக்கலாம். ஆசைக்கு உடம்பு மட்டும் போதாது, மனசும் சேர்ந்து வர வேண்டும். மாத்திரையை மாற்றித் தரலாம், நீங்களாக நிறுத்துவதுதான் ஆபத்து என்றார். அந்தத் தைரியத்தில் என் விஷயத்தையும் கேட்டுவிட்டேன். கர்ப்பப்பை போனால் ஆசையும் போக வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை என்று சிரித்தார்.

டாக்டர் போனதும் இவர் மெதுவாக, "நீ என்னைய எளக்காரமாப் பாத்துருவயோன்னு பயந்துட்டேன் புள்ள" என்றார்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ! கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக 'ங்க' போடாமல் திட்டினேன். "அட கூறுகெட்ட மனுசா! உனக்கு நான் ஆகாதவளாப் போயிட்டேன்னு நான் அங்க அழுதுட்டுக் கெடக்கறேன், நீ வெறுங்களத்துக்குக் காவல் காத்தியா?" வார்டே திரும்பிப் பார்த்தது. அவர் சிரிக்க ஆரம்பித்து, அழுகையில் முடித்தார்.

மாத்திரையை மாற்றியதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். சில நாள் உண்டு, சில நாள் இல்லை. இல்லாத நாளில் பேசிக்கொண்டே தூங்கிப்போகிறோம். போன பறிப்பில் அவருடைய காவல் முறை வந்தபோது நானும் ஒரு பாயைச் சுருட்டிக்கொண்டு கூடவே போனேன். எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரித்தால் சிரிக்கட்டும்.

இன்றும் அந்த வளைவில் வண்டி திரும்பும்போது என் கை தானாக ஹேண்ட் பிரேக்குக்குப் போகிறது. ஒருவர் மேல் ஒருவர் இவ்வளவு ஆசை வைத்துக்கொண்டு, அதை வாய் திறந்து சொல்லப் பயந்தே இரண்டு பேரும் பள்ளத்தில் போயிருப்போமே என்று ஒவ்வொரு தடவையும் நினைத்துக்கொள்கிறேன்.